வழி கண்டோர் பெயர்

புதுச்சேரியில் மலை இல்லை. கிழக்கே கடல், ஏனைய திசைகளில் சமவெளி. கோரிமேட்டுச் செம்மண் நிலத்தையே உயரம் எனக் கொண்டாடும் ஊர் இது. மலையைக் காண விரும்புவோர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வடமேற்கே சென்று செஞ்சிக் குன்றுகளின் அடியில் நிற்க வேண்டும். இத்தகைய ஊரிலிருந்து கொண்டு, பாதையற்ற பனிமலைகளில் ஏறியோர் எழுதிய நூல்களைத் திறனாய்வு செய்யப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், மலையேறியவர் நூல் எழுதுவது மலையேறாத நம் போன்றோருக்காகவும் அன்றோ? நாம் சென்று சரிபார்க்க முடியாத இடத்தைப் பற்றி ஒருவர் கூறும்போது, அவர் சொல்லையே நாம் நம்ப வேண்டியவர்களாகிறோம். அந்த நம்பிக்கை எவ்வாறு காக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை வாசகர்க்கு உண்டு.

முல்லா வீதியில் நண்பர் ஒருவர் இல்லத்தில், அவருடைய தந்தையார் சேர்த்து வைத்த பிரெஞ்சு நூல்களின் அலமாரி ஒன்று உள்ளது. அதிலிருந்து நாம் எடுத்துப் படித்த நூல் மொரீஸ் ஹெர்சோக் எழுதிய ‘அன்னபூர்ணா’. 1951இல் பிரான்சில் வெளிவந்து, பின்னர் உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுப் புகழ் பெற்ற நூல். அது வெளிவந்த நாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள்தான் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. எனவே இந்நூலை நம் ஊருக்கு முற்றிலும் அயலான நூல் என்று சொல்வதற்கில்லை.

தேடலின் நூல்

1950இல் ஹெர்சோக்கின் தலைமையில் பிரெஞ்சுக் குழு ஒன்று நேபாளம் சென்றது. அதுவரை 8,000 மீட்டருக்கு மேற்பட்ட எந்தச் சிகரத்தின் உச்சியிலும் மனிதர் நின்றதில்லை. தவளகிரி அல்லது அன்னபூர்ணா, இரண்டில் ஒன்றை ஏறுவது குழுவின் நோக்கம். லூயி லாஷெனால், லியோனெல் தெராய், காஸ்தோன் ரெபுஃபா ஆகிய மூவரும் ஆல்ப்ஸ் மலையில் வழிகாட்டிகளாக இருந்து பிழைத்தவர்கள். கூஸி, ஷாட்ஸ் ஆகிய இருவர், மருத்துவர் ஊதோ, திரைப்படக் கலைஞர் இஷாக், தூதரக அலுவலர் தெ நுவாயெல் ஆகியோர் உடன் சென்றனர். ஷெர்பாக்களின் தலைவராக ஆங் தார்க்கே இருந்தார்.

சென்ற பின்னரே இடர் புலப்பட்டது. தவளகிரி எப்பக்கமும் ஏற இடந்தரவில்லை. அன்னபூர்ணாவோ எங்கே இருக்கிறது என்பதே தெளிவாகவில்லை. கையிலிருந்த வரைபடம் அதன் வடபுறத்தைத் தவறாகக் காட்டியது. மலை கண்ணுக்குத் தெரிந்தது. அதன் அடிவாரத்தை அடையும் வழி தெரியவில்லை. கூஸி, ஷாட்ஸ், ஊதோ ஆகியோர் ஷெர்பாக்களுடன் மிரிஸ்தி கோலா ஆற்றின் மேலுள்ள செங்குத்தான சரிவுகளைத் துழாவி, ஒரு கணவாயைக் கண்டனர். கண்ட நாளையே பெயராக்கி ‘ஏப்ரல் 27 கணவாய்’ என்றனர். மே 14ஆம் நாள் துகுச்சா என்னும் ஊரில் கூடி, அன்னபூர்ணாவே இலக்கு என முடிவு செய்தனர். அதன்பின் இருபதே நாளில், ஜூன் 3ஆம் நாள், ஹெர்சோக்கும் லாஷெனாலும் 8,091 மீட்டர் உயரமுள்ள உச்சியை அடைந்தனர்.

நூலின் சிறந்த பகுதி எது? உச்சியில் நின்ற காட்சி என்று பலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. வழி தேடி அலைந்த முற்பகுதியே நூலின் உயிர். அங்கே ஆசிரியர் தம் அறியாமையை ஒளிக்கவில்லை. இப்பள்ளத்தாக்கு என எண்ணிச் சென்றோம், அது அன்று. இந்த முகட்டின்மேல் வழி இருக்கும் என நம்பினோம், இல்லை. திரும்பினோம் என்று அடுக்கிச் செல்கிறார். வடமேற்கு முகட்டில் முயன்று தோற்று, வடபுறப் பனியாற்றுக்கு மாறியதையும் மறைக்கவில்லை. தோல்வி தோல்வியாகவே பதியப்பட்ட இப்பக்கங்களில் ஒவ்வொருவர் கண்டதும் அவரவர் பெயரோடு வருகிறது. படிப்பவர்க்கு இவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்னும் உறுதி பிறக்கிறது.

நம் பழைய வழிநூல்

வழி கூறும் இலக்கியம் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைவழியை விரித்துரைப்பது. செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்துக்குத் தான் சென்ற வழியைச் சொல்வதாக இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இதனைப் பாடினார். அந்தச் செங்கண்மாவே இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர்.

இப்பாட்டில் நம்மை வியப்பில் ஆழ்த்துவது அதன் அக்கறை. பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், பார்த்துச் செல்க. தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர், மரத்தின் மறைவில் ஒதுங்குக. பாசி படர்ந்த வழுக்கு நிலம் வரும், பற்றுக்கோடு கொண்டு கடக்க. இரவில் நடவாது குகையில் தங்குக என்றெல்லாம் கூத்தன் எச்சரிக்கிறான். வழி பிரியும் இடத்தில், பின்னே வருவோர் அறியும்பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறும் கூறுகிறான். முன் சென்றவனுக்குப் பின் வருபவன்பால் உள்ள கடமையை இதனினும் எளிமையாகச் சொல்ல இயலுமோ?

ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னைய பாட்டையும் இருபதாம் நூற்றாண்டின் உரைநடை நூலையும் ஒரே தட்டில் நிறுப்பது முறையா என்று கேட்கலாம். அளவுகோல் ஒன்றே என்பதால் முறையே என்போம். பாதையற்ற மலையைப் பற்றி எழுதுபவர் மூன்று கடன்களைச் சுமக்கிறார். கண்டதைக் கண்டவாறு கூற வேண்டும். பின் வருவோர்க்கு அடையாளம் விட வேண்டும். உடன் நடந்தோரின் பங்கை மறைக்கலாகாது. ஹெர்சோக்கின் நூல் முதல் இரண்டு கடன்களையும் முற்பகுதியில் நன்கு ஆற்றுகிறது. மூன்றாம் கடனில்தான் அது தடுமாறுகிறது.

நீக்கப்பட்ட பக்கங்கள்

உச்சியை நெருங்கியபோது லாஷெனாலின் கால்கள் மரத்துப் போயின. தாம் திரும்பிவிட்டால் என்ன செய்வீர் என்று அவர் ஹெர்சோக்கிடம் கேட்டார். தனியே செல்வேன் என்பது விடை. லாஷெனால் உடன் சென்றார். இறங்கும்போது ஹெர்சோக் கையுறைகளைச் சரிவில் நழுவவிட்டார். தெராயும் ரெபுஃபாவும் மேல் முகாமில் இவர்களை எதிர்கொண்டு காத்தனர். நால்வரும் ஒரு பனிப் பிளவுக்குள் இரவைக் கழித்தனர். காலையில் பனி சரிந்து அவர்கள்மேல் வீழ்ந்தது. ஹெர்சோக் கால்விரல் அனைத்தையும் கைவிரல்களில் பெரும்பகுதியையும் இழந்தார். லாஷெனால் கால்விரல் அனைத்தையும் இழந்தார். பருவமழை கொட்டும் பள்ளத்தாக்குகளினூடே வாரக்கணக்கில் இவ்விருவரையும் சுமந்து வந்தவர்கள் ஷெர்பாக்களும் கூலிச் சுமையாளர்களுமே.

ஹெர்சோக்கின் நூலில், உச்சிக்குச் செல்லும் கடைசி நடை ஒருவரின் பரவச அனுபவமாக வருகிறது. அருகே நின்ற லாஷெனால் விரைவாக இறங்கிவிடத் துடிப்பவராகவே காட்சியளிக்கிறார். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது? அதனை அவரே சொல்ல வழியில்லாது போயிற்று. ஏனெனில், ஐந்தாண்டுகள் வரை தலைவரன்றி வேறெவரும் இப்பயணத்தைப் பற்றி நூல் வெளியிடலாகாது என்று குழுவினர் புறப்படுமுன்னரே ஒப்புக் கொண்டிருந்தனர். அந்த ஐந்தாண்டுகள் முடிந்த 1955ஆம் ஆண்டின் நவம்பரில், ஆல்ப்ஸில் பனிச்சறுக்குச் செல்கையில் பனிப் பிளவில் வீழ்ந்து லாஷெனால் இறந்தார்.

அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகள் 1956இல் நூலாயின. அதனைச் செப்பனிட்டவர் ஜெரார் ஹெர்சோக். தலைவர் ஹெர்சோக்கின் உடன்பிறந்தவர். கசப்பான பகுதிகள் நீக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், நீக்கியவையும் சேர்ந்த பதிப்பு வெளிவந்த பிறகே உலகம் லாஷெனாலின் குரலைக் கேட்டது. நாட்டின் புகழுக்காகத் தம் கால்களை ஈயத் தாம் எண்ணியதில்லை என்றும், தனியே சென்றால் ஹெர்சோக் உயிருடன் திரும்பமாட்டார் என்று கருதியதாலேயே உடன் சென்றதாகவும் அவர் எழுதியிருந்தார். ஒரே கயிற்றில் பிணைந்தோரிடையே உள்ள கடமையாகவே அவர் அதனைக் கண்டார்.

இங்கே நம் மரபில் வந்த ஓர் அளவுகோலை நினைவுகூர்தல் பொருந்தும். ஒரு செய்தியை ஏற்குமுன், அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் எவரேனும் விடுபட்டனரா என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தவர்கள் ஹதீஸ் கலையின் அறிஞர்கள். செய்தி இனிமையானது என்பதற்காக வரிசையிலுள்ள குறையை அவர்கள் மன்னித்ததில்லை. இறந்தவரின் ஏட்டில், அவ்வேட்டால் புகழ் குறையக் கூடியவரின் சகோதரரே கை வைத்தார் எனின், 1956ஆம் ஆண்டுப் பதிப்பை அவ்வறிஞர்கள் எந்த இடத்தில் வைத்திருப்பர் என்பதை வாசகரே உய்த்துணரலாம்.

சொல்லி எழுதுவித்த இரு நூல்கள்

ஹெர்சோக்கின்பால் நீதி தவறவும் கூடாது. விரல்களை இழந்து மருத்துவமனையில் கிடந்த அவர் இந்நூலைத் தம் கையால் எழுத இயலாமல் வாய்மொழியாகச் சொல்லியே எழுதுவித்தார். அந்நிலையில் ஒருவர்க்கு, தாம் இழந்ததற்கு ஈடாக ஒரு பெரும்பொருள் தேவைப்படும். பரவசத்தை அவர் பொய்யாகப் புனைந்தார் என்று நாம் கூறமாட்டோம். ஷெர்பாக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதிலும் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. தம்முடன் உச்சிக்கு வருமாறு ஆங் தார்க்கேயை அழைத்ததையும், கால் உறையத் தொடங்கியதால் அவர் மறுத்ததையும் அவரே பதிந்திருக்கிறார். பிற்காலத்தில், இருவரும் உண்மையாகவே உச்சியைத் தொட்டனரா என்னும் ஐயமும் எழுப்பப்பட்டது. ஹெர்சோக்கின் மகள் ஃபெலிசிதே 2012இல் வெளியிட்ட நூலிலும் அந்த ஐயம் ஒலிக்கிறது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் சான்று நம்மிடம் இல்லை. அது நம் நோக்கமும் அன்று. சக மனிதரின் வாயை ஒப்பந்தத்தால் கட்டிவிட்டுப் பேசும் நூல், பின்னாளில் இத்தகைய ஐயங்கள் அனைத்துக்கும் தானே கதவைத் திறந்து வைக்கிறது என்பதே நம் கருத்து. பிறரும் அன்றே பேசியிருந்தால், ஹெர்சோக்கின் சொல்லுக்கு வலுவே சேர்ந்திருக்கும்.

இந்நூலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பிரெஞ்சு நூல் மற்றொன்று உண்டு. ஆங் தார்க்கே தம் வாழ்க்கையைச் சொல்ல, பேசில் நார்ட்டன் என்பவர் எழுதி, 1954இல் வெளிவந்த ‘ஒரு ஷெர்பாவின் நினைவுகள்’. இதுவும் சொல்லி எழுதுவிக்கப்பட்ட நூலே. ஒரே மலையிலிருந்து இறங்கிய இருவர், இருவரும் வாய்மொழியாகவே சொல்லினர். ஒன்று உலகமெங்கும் சென்றது. மற்றொன்று ஆங்கிலத்தை அடையவே 2016 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல், காத்திருந்தது. நூலின் தகுதி ஒன்றே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நம்புவது கடினம். யாருடைய குரலைக் கேட்பது என்று முன்னரே தீர்மானித்திருந்த வாசகர் உலகத்துக்கும் இதில் பங்கு உண்டு.

இதே குறை பிற நாட்டவரின் நூல்களிலும் உண்டு. 1954இல் இத்தாலியக் குழு கே-2 சிகரத்தை ஏறியது. உச்சி ஏறுவோர்க்கான உயிர்வளிக் குடுவைகளைச் சுமந்து சென்ற வால்டர் பொனாத்தியும், ஹுன்ஸாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியும், சொன்ன இடத்தில் முகாம் இல்லாமையால் ஏறத்தாழ 8,100 மீட்டர் உயரத்தில் கூடாரமின்றி இரவைக் கழித்தனர். மஹ்தி தம் கால்விரல்களை இழந்தார். அதிகாரபூர்வ வரலாறு அவ்விரவின் உண்மையை மழுப்பியது. பொனாத்தி வாழ்நாளெல்லாம் எழுதி வாதாடினார். அரை நூற்றாண்டுக்குப் பின்னரே இத்தாலிய மலையேற்றச் சங்கம் அவர் கூற்றை ஏற்றது. மஹ்திக்கோ வாதாடப் பேனா இல்லை. 1999இல் அவர் இறந்தபோது அந்த ஏற்பு வந்திருக்கவில்லை.

குளிர்கால வழி

குளிர்காலத்து மலை வேறொரு மலை. கோடையில் நடக்கக் கூடிய கணவாய் பனியால் அடைபடும், பகல் குறுகும், உச்சிகளில் கடுங்காற்று ஓயாது வீசும். அப்பருவத்தில் ஏற முனைவோர் முதலில் அடிவாரத்தை அடைய முடியுமா என்பதையே சென்று பார்த்து வர வேண்டியுள்ளது. 1980 பிப்ரவரி 17ஆம் நாள் போலந்து நாட்டவர் இருவர் எவரெஸ்டைக் குளிர்காலத்தில் முதன்முறையாக ஏறினர். அன்னபூர்ணாவைக் குளிர்காலத்தில் முதலில் ஏறியவர்களும் போலந்து நாட்டவரே. 1987 பிப்ரவரி 3ஆம் நாள் யெர்சி குகுச்காவும் ஆர்தூர் ஹாய்செரும் உச்சியை அடைந்தது, 1950இல் பிரெஞ்சுக்காரர் தேடிக் கண்ட அதே வடபுறத்தின் வழியாகவே. வழிக்குறிப்பு மெய்யாக இருந்தால் அது முப்பத்தேழு ஆண்டுகள் கழித்தும் ஒருவர்க்குப் பயன்படும் என்பதற்கு இது சான்று. மலைபடுகடாத்துக் கூத்தன் முடியச் சொன்ன புல் இதுவே.

கே-2 மட்டும் குளிர்காலத்தில் நெடுங்காலம் பணியவில்லை. 2021 ஜனவரி 16ஆம் நாள் நேபாளியர் பதின்மர் அதனை ஏறினர். முன்னே சென்றவர் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, பின்வருவோர்க்காகக் காத்திருந்து, அனைவரும் சேர்ந்தே கடைசி அடிகளை வைத்தனர். முதலில் தொட்டவர் யார் என்னும் வினாவுக்கே இடமில்லை. அவர்கள் பெயர்களை நாம் முழுமையாகவே தருகிறோம்: நிர்மல் பூர்ஜா, மிங்மா கியால்ஜே, மிங்மா டேவிட், மிங்மா தென்சி, கெல்ஜென், பெம் சிரி, தாவா தெம்பா, தாவா தென்ஜின், கிலு பெம்பா, சோனா. இவர்களுள் பூர்ஜா ஒழிந்த ஒன்பதின்மரும் ஷெர்பாக்கள். ஆங் தார்க்கேயின் இனத்தவர், பிறருக்குச் சுமை தூக்காமல் தமக்கென ஏறிய நாள் அது.

அடுத்த மாதமே, பிப்ரவரி 5ஆம் நாள், அதே மலையில் முஹம்மது அலி சத்பாரா வேறு இருவருடன் மறைந்தார். ஸ்கர்தூவை அடுத்த சத்பாரா சிற்றூரில் பிறந்து, சுமையாளராகத் தொழில் தொடங்கி, 2016இல் நங்க பர்வதத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறிய மூவருள் ஒருவரானவர். அமீர் மஹ்தியின் காலத்துக்கும் இவர் காலத்துக்கும் இடையே ஒரு மாற்றம் தெரிகிறது. மஹ்தியின் இரவை உலகம் அறிய அரை நூற்றாண்டு ஆயிற்று. சத்பாராவைத் தேடும்போதே உலகம் அவர் பெயரைச் சொல்லித் தேடியது.

நம் பங்கு

பாதை மாறிச் சென்ற ஒரு பயணத்தை நாம் அனைவரும் அறிவோம். கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தௌர் மலைக் குகையில் மூன்று இரவுகள் தங்கி, வழக்கமான தடத்தை விடுத்து மதீனா ஏகினர். அவ்வழியைக் காட்டியவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித். அன்று அவர் இஸ்லாத்தை ஏற்றிராதவர். எனினும் நம் வரலாறு அவரை ‘ஒரு வழிகாட்டி’ என்று சொல்லிக் கடந்துவிடவில்லை. பெயரைக் காத்து வைத்தது. உடன் வந்தவரின் பங்கு ஓர் அமானிதம் என்னும் உணர்வு இதில் புலப்படுகிறது.

இவ்வளவும் பிறரைக் குறித்து எழுதிய பின், நம்மைக் குறித்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகட்கு முன் குடும்பத்தோடு செஞ்சி சென்றிருந்தோம். படிகளை விடுத்து, பாறைகள் குவிந்த ஒரு குன்றின் பின்புறத்தில் ஏறத் துணிந்து, பாதி வழியில் மேலும் செல்ல இயலாமல், இறங்கவும் அஞ்சி நின்றோம். ஆடு மேய்த்துக் கொண்டிருந்த சிறுவன் ஒருவன் ஓடி வந்து, பிள்ளைகளைக் கைப்பிடித்து, முட்புதர்களுக்கிடையே நமக்குப் புலப்படாத ஒரு தடத்தில் இறக்கிவிட்டான். வீடு திரும்பியதும் அப்பயணத்தைப் பற்றி நாம் ஒரு கட்டுரை எழுதினோம். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுக்குள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததையும், நம் ஊர்ப் புஸ்ஸி வீதி அவர் பெயரைத் தாங்கியதையும் விரிவாகவே எழுதினோம். சிறுவனைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. அவன் பெயரை நாம் கேட்கவே இல்லை.

ஹெர்சோக்கின் நூலை மூடி வைத்தபோது நம் நெஞ்சில் உறுத்தியது அந்த ஒரு வரிதான். பனிமலை ஏறுவோர் நம்மில் சிலரே இருப்பர். பயணம் செய்யாதவர் எவருமிலர்; ஹஜ்ஜுக்குச் சென்று வந்ததை எழுதுவோரும், வேலை தேடிக் கடல் கடந்ததை எழுதுவோரும், குடும்ப வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோரும் நம்மில் பலர். அவற்றை எழுதும்போது, வழி காட்டியவர், சுமை தூக்கியவர், உணவளித்தவர் பெயர்களைக் கேட்டறிந்து எழுத்தில் சேர்ப்போமாக. செஞ்சிக்கு மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறோம். அச்சிறுவன் இன்று இளைஞனாகியிருப்பான். அவனைக் கண்டால், முதலில் கேட்க வேண்டியது எது என்பது இப்போது தெரியும்.